திருத்தக் கொடுத்த அத்தியாயம்

சங்கமேஷ் ஹொசமனி ஒரு மனிதன்மேல் பொறாமைப்பட்டிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. எங்கள் கல்லூரியில் பொறாமைப்படத் தகுந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லோர்மேலும் அவன் முறைவைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். ஆனால் அந்த வருஷம் அவனை அரித்துத் தின்றது மனைவியின் மடிக்கணினிக்குள் இருந்த ஒரு சாட்பாட்.

அவன் வரலாறு; நான், முஸ்தாக் நதாஃப், பொருளாதாரம். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த மேசை. கர்நாடகத்துத் தார்வாட்டில் சப்தாபூர்ப் பக்கம் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். இந்தக் கதையில் பாதி அவன் வாயால் கேட்டது. கொஞ்சம் நானே பார்த்தது. மிச்சம் அவன் மனைவி தாட்சாயணி அண்ணி என் மனைவி ஷமீமிடம் சொல்லி, ஷமீம் என்னிடம் சொன்னது.

தாட்சாயணி அண்ணி பிறந்த ஊர் அண்ணிகேரி. கன்னட வழியில் படித்தவர். உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். பருத்தி அரவை ஆலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றிய ஆய்வு. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அந்த வீட்டில் ஆங்கிலம் என்றால் சங்கமேஷ்தான். கான்வென்ட்டில் படித்தவன். அவனும் ஒரு காலத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்து, எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் பதிவே காலாவதியாகிப் போனது. அவன் பெயரில் அச்சானது ஒரே ஒரு கட்டுரை: எங்கள் வட்டாரத்துப் பருத்தி வியாபாரத்தைப் பற்றி, ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில். புதிதாக எந்த விரிவுரையாளர் வந்து சேர்ந்தாலும் அதன் பிரதி ஒன்று அவர் மேசைக்குப் போய்விடும்.

அண்ணி முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். திங்கட்கிழமை காலையில் கல்லூரிக்கு வந்ததும் வராததுமாக அந்தப் பேச்சுத்தான்.

"நேத்து பூராவும் சலவை வேலைடா நதாஃப். அவ இங்கிலீஷைத் துவைச்சுக் காயப் போட்டுட்டு வரேன்."

"அண்ணி காதுல விழுந்தா உன்னைத் துவைப்பாங்க."

"அவளே சொல்றா, நீங்க இல்லேன்னா நான் ஒரு பக்கம்கூடத் தாண்ட மாட்டேன்னு."

சொல்லும்போது அவன் முகத்தில் வெண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு இருக்கும். தன் பட்டம் போனதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவனுக்கு ஈடு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு அந்தச் சாட்பாட் வந்தது.

அண்ணியின் நெறியாளர் பேராசிரியை வத்சலா தேஸாயி, கண்டிப்பானவர். தன்னிடம் ஆய்வு செய்பவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். "எல்லாரும் அதைப் பயன்படுத்தப் போறீங்க, எனக்குத் தெரியும். ஒளிச்சு வெச்சுப் பண்ண வேணாம். அதுகிட்டக் கேளுங்க, சண்டை போடுங்க, எங்க புரியலைன்னு கேளுங்க. ஆனா எழுதறது உங்க கையா இருக்கணும். அதோட வாக்கியம் ஒண்ணு உள்ள வந்தாலும் வந்துச்சுன்னு சொல்லணும். அது எந்தப் புஸ்தகத்தோட பேரைச் சொன்னாலும், அந்தப் புஸ்தகத்தைக் கையில தொட்டுப் பாக்காம உங்க பட்டியல்ல சேத்தீங்கன்னா என் அறைப் பக்கமே வராதீங்க."

அண்ணி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். முதலில் கன்னடத்தில் யோசித்து எழுதுவார். பிறகு தானே திக்கித் திணறி ஆங்கிலத்தில் எழுதுவார். எழுதியதைச் சாட்பாட்டிடம் காட்டி, "இதில் எந்த இடம் விளங்கவில்லை, திருத்தாதே, கேள்வி மட்டும் கேள்" என்பார். அது கேட்கும். இவர் மறுபடி எழுதுவார். பேசியதையெல்லாம் தேதி வாரியாகச் சேமித்து மாதா மாதம் நெறியாளருக்குக் காட்டுவார்.

ஒரு சாயங்காலம் சங்கமேஷ் வீட்டுக்குப் போனபோது அண்ணி சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாராம். இவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டிருக்கிறான்.

"என்ன சிரிப்பு?"

"இது ஒரு புஸ்தகம் சொல்லுச்சுங்க. கதக் ஊர்ல ஒரு அம்மா எழுதினதுன்னு. லைப்ரரில தேடறேன், இல்ல. நெட்ல தேடறேன், இல்ல. அப்படி ஒரு அம்மாவே இல்லைங்க! 'ஏன் பொய் சொன்னே'ன்னு கேட்டேன். உடனே மன்னிப்புக் கேக்குது பாருங்க."

"பொய் சொல்றதுகிட்ட உனக்கு என்ன பேச்சு?"

"தப்பைத் தப்புன்னு ஒத்துக்கறதுல்ல? கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டுல நான் கேக்காத வார்த்தைங்க அது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவன் மறுநாள் என்னிடம் அதை அப்படியே ஒப்பித்தான், ஆனால் சிரிக்கவில்லை.

"நாலாவது அத்தியாயத்தைக் குடு, திருத்தித் தரேன்னு கேட்டேன்டா. வேணாங்கறா. 'என் வாக்கியமே இருக்கட்டுங்க, மேடம் சொல்லியிருக்காங்க'ங்கறா. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா அதைப் பத்தித்தான் பேச்சு. அது இப்படிக் கேட்டுச்சு, அது அப்படிக் கேட்டுச்சு. நான் ஒண்ணு கேட்டா மட்டும் 'உம்'."

"சக்களத்தி கேள்விப்பட்டிருக்கேன். சக்களத்தன் இப்பத்தான் கேள்விப்படறேன்."

"கிண்டல் பண்ணாத. அவ எழுதறதா நெனைக்கறியா? எல்லாம் மெஷின் எழுதுது. இவ கையெழுத்துப் போடறா, அவ்ளோதான்."

"நீ பாத்தியா?"

"பாக்க வேற வேணுமா? அவ இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா?"

இதை என்னிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கேன்டீனில் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே இரண்டு பேரிடம் சொன்னான். அவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். அடுத்த மாசமே எங்கள் ஆசிரியர் அறையில் 'ஹொசமனி மேடத்துக்கு ஏஐ எழுதித் தருதாமே' என்பது ஊரறிந்த செய்தி. கட்டிய கணவனே சொன்ன பிறகு சாட்சி எதற்கு?

ஒருநாள் மத்தியானம் அவனுக்கும் எனக்கும் வகுப்பில்லை. அவன் கல்லூரிக் கணினி முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தால், அவனும் ஒரு சாட்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்துப் பருத்தி வரலாற்றைப் பற்றி முக்கியமாக எழுதியவர்கள் யார் யார் என்று கேட்டிருந்தான். திரையில் பெயர்கள் வரிசையாக வந்திருந்தன. இவன் பெயர் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் நேராகவே தன் பெயரைப் போட்டு, இவர் யார் என்று கேட்டான்.

அது அடித்து விட்டது பாருங்கள். சங்கமேஷ் ஹொசமனி கர்நாடகத்தின் குறிப்பிடத்தக்க வரலாற்றாசிரியர்; மூன்று நூல்களின் ஆசிரியர்; விருது பெற்றவர்.

"நதாஃப், இங்க வாயேன்."

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மூணு புஸ்தகமா? எப்படா எழுதின?"

"எழுதல."

"பின்ன?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "எழுதியிருக்கலாம்ல?"

எனக்குக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. அந்த மூன்று புத்தகங்களின் தலைப்புகளையும் அவன் மெல்ல வாய்க்குள் படித்துப் பார்த்தான். அதில் ஒரு தலைப்பு அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு மூடிவிட்டான். வீட்டில் இதைச் சொல்ல முடியாது. தன்னைப் பற்றி அதனிடம் போய்க் கேட்டான் என்று அண்ணிக்குத் தெரிந்தால் அதைவிட அவமானம் வேறென்ன?

மழைக்காலம் முடியும்போது அண்ணி ஆய்வேட்டை முடித்தார். சமர்ப்பிப்பதற்கு முன்பு பல்கலைக்கழக நூலகத்தில் அதை ஒரு மென்பொருளில் போட்டுச் சோதிப்பார்கள். வேறு எங்காவது ஏற்கெனவே அச்சாகியிருக்கும் வரிகள் இதில் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துத் திருட்டைப் பிடிப்பதற்கான வழி.

சோதனைக்குக் கொடுத்த அன்றைக்கே நூலகத்திலிருந்து அண்ணிக்கு ஃபோன் வந்தது. மற்ற அத்தியாயங்கள் எல்லாம் சுத்தம். இரண்டாம் அத்தியாயத்தில் மட்டும் பாதிக்குமேல் வேறு எங்கோ அச்சான வரிகள். முழு அறிக்கையை மறுநாள் தருகிறோம், நெறியாளரைப் பாருங்கள் என்றார்கள்.

மறுநாள் காலை சங்கமேஷ் கல்லூரிக்கு வந்தபோது முகத்தில் துக்கம் இருந்தது. நடையில் துள்ளல் இருந்தது.

"மாட்டிக்கிச்சு" என்றான்.

"எது?"

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? பழைய அத்தியாயங்களையும் அதுகிட்டத்தானே காட்டினா. அது எங்கேயிருந்து எடுத்துக் குடுக்குதுன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாக்கியம்கூட எடுக்கலைன்னு அழறா பாவம். அழுதா ஆச்சா? நேத்து நானே சமைச்சேன். பயப்படாதே, அந்த அத்தியாயத்தை முதல்லேருந்து நான் எழுதித் தரேன்னு சொல்லியிருக்கேன்."

சிவப்புப் பேனாவை மறுபடி எடுக்கிற சந்தோஷம் அவன் குரலில் இருந்தது. பெண்டாட்டி அழுத மறுநாள் ஒருவன் இவ்வளவு தெளிச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனிடமிருந்து ஃபோன். "கொஞ்சம் வீட்டுக்கு வாடா. உடனே வா." குரலில் தெளிச்சி போயிருந்தது.

போனேன். சாப்பாட்டு மேசையில் அறிக்கைத் தாள்கள் பரப்பிக் கிடந்தன. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் பூசிய வரிகள். அண்ணி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மேசையில் வைத்த டீயை யாரும் தொடவில்லை. அண்ணி ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களே பாருங்க முஸ்தாக் அண்ணா. அந்த வரியெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு கடைசில போட்டிருக்கு."

பார்த்தேன். சஞ்சிகையின் பெயர் இருந்தது. கட்டுரையின் பெயர் இருந்தது. கட்டுரையாளர்: ச. ஹொசமனி.

அந்தச் சஞ்சிகைக்காரர்கள் தங்கள் பழைய இதழ்களையெல்லாம் சமீபத்தில்தான் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள்; அது சங்கமேஷுக்கே தெரியாது. உண்மையைச் சொன்னால், என் நண்பனின் கட்டுரையை உலகத்திலேயே முதன்முதலாக ஒரு வரி விடாமல் படித்தது அந்தச் சோதனை மென்பொருள்தான்.

"நான் அந்தச் சாட்பாட்கிட்ட ஒவ்வொரு வார்த்தைக்கும் ஜாக்கிரதையா இருந்தேன் அண்ணா" என்றார் அண்ணி. "இவர்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. இங்கிலீஷைத் திருத்தறார்னுதான் நெனைச்சேன். நான் எழுதினதோட நல்ல இங்கிலீஷ் இதுதான் போலன்னு நம்பிட்டேன். இவர் என்னை எடுத்துட்டுத் தன்னையே எழுதி வெச்சிருக்கார்."

"என்ன திருட்டா பண்ணிட்டேன்?" என்றான் அவன். "என் பொண்டாட்டிக்கு என் சொத்தைக் குடுத்தேன். வீட்டுக்குள்ள எது யாரோடதுன்னு பாப்பாங்களா? என் எழுத்து உன் எழுத்து இல்லையா?"

"அப்ப என் பட்டம் உங்க பட்டமா?"

அண்ணி அந்தக் கேள்வியை உரக்கக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அது நேராகப் போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"அதுகூடப் பரவாயில்ல" என்று அண்ணி தொடர்ந்தார். "எதை எடுத்துட்டு எதை வெச்சார்னு கேளுங்க. எங்க ஊர்ல பாலவ்வான்னு ஒரு அம்மா. அரவை ஆலையில வேலை செஞ்சவங்க. கூலியைக் குறைச்சப்ப பொம்பளைங்க எல்லாரும் பஞ்சு மூட்டைங்க மேல ஏறி உட்கார்ந்துட்டாங்களாம். இறங்க மாட்டோம்னுட்டாங்களாம். கூடவே உட்கார்ந்திருந்த இன்னும் ரெண்டு பேரையும் தேடிப் பிடிச்சுக் கேட்டேன். மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. அதை நான் எழுதியிருந்தேன். இவர் அதை அடிச்சுட்டார். கிழவி கதையெல்லாம் ஆதாரமாகாது, தேர்வாளர் சிரிப்பார்னார். அடிச்ச இடத்துல தன் வரியைப் போட்டிருக்கார். என்ன வரி தெரியுமா? 'ஆலைகளில் பெண்கள் இருந்தார்கள். ஆனால் கூலித் தகராறுகளில் அவர்கள் குரல் ஒருபோதும் கேட்டதில்லை.' என் ஆய்வேட்டுல, என் பேர்ல!"

சங்கமேஷ் மெதுவாகச் சொன்னான்: "அந்த வாக்கியத்தைப் பத்திரிகை ஆசிரியர் பாராட்டினார்."

அண்ணி அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். என்னை எதற்குக் கூப்பிட்டான் என்று அப்போதுதான் விளங்கியது.

"நதாஃப், நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு இவளுக்கு. இப்ப தேஸாயி மேடத்துக்கு விளக்கம் எழுதிக் குடுக்கணும். புருஷன் எழுதிக் குடுத்தான்னு போனா என் பேர் என்ன ஆகும்? கல்லூரியில நான் தலைகாட்ட முடியுமா? சுலபமா ஒரு வழி இருக்கு. சாட்பாட்கிட்டக் கேட்டேன், அது எங்கேயோ பாத்து எழுதிக் குடுத்துடுச்சு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லட்டும். இன்னிக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மேடம் ரெண்டு வார்த்தை திட்டுவாங்க, மறுபடி எழுதச் சொல்வாங்க. முடிஞ்சு போச்சு."

"அது செய்யாத தப்பை அது தலையில கட்டச் சொல்றீங்களா?"

"அது என்ன மனுஷனா? அதுக்கென்ன மானமா மரியாதையா?"

"எனக்கு இருக்குங்க."

"பாத்தியா!" அவன் என் பக்கம் திரும்பினான். "புருஷனைக் காட்டிக் குடுப்பா, அதைக் காட்டிக் குடுக்க மாட்டா. அதுக்குப் பரிஞ்சு பேசறா பாருடா!"

அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், அந்தப் பொறாமை எவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது என்று எனக்கு உறைத்தது. நான் இத்தனை நாள் கேலி செய்துகொண்டிருந்தது ஒரு புண்ணை.

"அது பண்ணியிருந்தா அதைச் சொல்லியிருப்பேன்" என்றார் அண்ணி. "நான் பண்ணியிருந்தா என்னைச் சொல்லியிருப்பேன். ஒருத்தரோட வரியை எடுத்தா அவர் பேரைச் சொல்லணும். ரெண்டு வருஷமா அதைத்தானே பழகிட்டிருக்கேன்? இப்பப் போய் உங்க வரிக்கு வேற ஒண்ணோட பேரைச் சொல்லவா?"

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தோம்.

மறுநாள் அண்ணி தனியாகத்தான் நெறியாளரிடம் போனார். நடந்ததை நடந்தபடி சொன்னார். வத்சலா தேஸாயி அறிக்கையைப் புரட்டிவிட்டு, "சாட்பாட்டைப் பத்தி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். வீட்டுக்காரங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேனே" என்றாராம். பிறகு கண்டிப்பாகவே சொன்னார்: "தெரியாம நடந்துச்சுன்னாலும் ஆய்வேடு உன் பேர்ல வருது. யார் கை பட்டாலும் கணக்குச் சொல்ல வேண்டியது நீதான். இன்னும் சமர்ப்பிக்கலை, அதனால பொழைச்சே. அத்தியாயத்தை மறுபடி எழுது. உங்க வீட்டுக்காரர் கருத்து எங்க நிஜமாவே தேவைப்படுதோ அங்க மேற்கோள் குறி போட்டு, பேர் போட்டு எழுது. அவர்கிட்டேருந்து ஒரு கடிதம் வேணும், இதெல்லாம் நான் சேத்ததுன்னு. கையெழுத்தோட."

அந்தக் கடிதம் எழுத அவன் பட்ட பாட்டை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். எழுதுவான், கிழிப்பான். 'மொழிநடையைச் செம்மைப்படுத்தும் நோக்கில்' என்று ஒரு தடவை தொடங்கினான். 'அன்பின் மிகுதியால்' என்று ஒரு தடவை.

"மூணு வரிடா. மூணு வரி எழுத முடியலையா?" என்றேன்.

"நீ எழுதிப் பாரு."

கடைசியில் எழுதினான். அவள் எழுதியவற்றை நீக்கிவிட்டு என் கட்டுரையின் பத்திகளை அவளுக்குச் சொல்லாமல் சேர்த்தேன் என்பதுதான் அதன் சாரம். அலங்காரம் ஏதும் இல்லை. அவன் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

விஷயம் கசியாமல் இருக்குமா? ஆசிரியர் அறையில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "அப்ப ஏஐ இல்லையாம், ஹொசமனியேதானாம்" என்று சிரித்தார்கள். அவன் சில நாள் கேன்டீன் பக்கம் வராமல் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோள ரொட்டியை மேசையிலேயே தின்றான். அதைவிட அவனைச் சுட்டது, தாட்சாயணி மேடம் எவ்வளவு நேர்மையானவர் பார்த்தாயா என்று அதே வாய்கள் பேசியதுதான். "அவ நேர்மைக்கு நான் விறகாயிட்டேன்" என்றான் என்னிடம். கோபமாகச் சொன்னானா வருத்தமாகச் சொன்னானா என்று பிரித்தறிய முடியவில்லை.

அண்ணி இரண்டாம் அத்தியாயத்தை மறுபடி எழுதத் தை மாதம்வரை ஆயிற்று. சங்க்ராந்தி முடிந்து ஒருநாள், அச்சடித்த அத்தியாயத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்திருக்கிறார்.

"திருத்தவா?" என்று கேட்டிருக்கிறான்.

"படிக்க மட்டும்."

அவன் அதைக் கல்லூரிக்கு எடுத்து வந்தான். வகுப்பு முடிந்ததும் கதவோரம் உட்கார்ந்து படித்தான். தன் பெயர் எங்கே வருகிறது என்றுதான் முதலில் தேடினான். அதை நான் பார்த்தேன். ஒரே இடத்தில் வந்தது. அவன் கட்டுரை முழுவதிலும் அண்ணிக்குத் தேவைப்பட்டது ஒரே வாக்கியம்: பெண்களின் குரல் ஒருபோதும் கேட்டதில்லை என்ற அந்த வாக்கியம். மேற்கோள் குறிக்குள், அவன் பெயரோடு, பக்க எண்ணோடு நின்றது. அடுத்த வரி, 'இந்தக் கூற்று சரியன்று' என்று தொடங்கியது. அதற்குக் கீழே பாலவ்வாவும் மற்ற இரண்டு பெண்களும் பஞ்சு மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"என் வாழ்க்கையிலேயே முதல் மேற்கோள்டா இது" என்றான். "என்னை யாருமே எடுத்துக் காட்டினதில்ல. எடுத்துக் காட்டினவ, தப்புன்னு காட்டியிருக்கா."

"தப்பா இல்லையா?"

அவன் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தான். "இந்தப் பத்தியில ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடா இருக்கு" என்றான். அப்புறம், "ஆனா நல்லா இருக்கு" என்றான். இரண்டாவதைச் சொல்லும்போது பல்வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

வாய்மொழித் தேர்வு வெயில் காலத்தில் நடந்தது. மண்டபம் நிறையவே ஆள். நானும் ஷமீமும் போயிருந்தோம். சங்கமேஷ் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்களோடு பின்வரிசையில் உட்கார்ந்தான். முன்வரிசைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. மைசூரிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் வயதானவர், சன்னமான குரல்.

"முன்னுரையில சாட்பாட்டைப் பயன்படுத்தினதா எழுதியிருக்கீங்க. எதுக்குப் பயன்படுத்தினீங்க, எதுக்குப் பயன்படுத்தலைன்னும் எழுதியிருக்கீங்க. இப்படி எழுதினா மார்க் குறையும்னு பயமில்லையா அம்மா?"

"எழுதாம இருந்தாத்தான் பயமா இருந்திருக்கும் சார்" என்றார் அண்ணி. "அது கேட்ட கேள்வி நெறைய உதவிச்சு. அது சொன்ன புஸ்தகங்கள்ல பல புஸ்தகம் இல்லவே இல்ல. அதனால எதையும் கையில தொடாம நம்பக் கூடாதுன்னு கத்துக்கிட்டேன். மனுஷங்க சொல்றதையும் அப்படித்தான் பாக்கணும்னு அப்புறம் தெரிஞ்சுது."

என் பக்கத்தில் சங்கமேஷ் நெளிந்தான்.

"சரி, இரண்டாம் அத்தியாயத்துக்கு வரேன். ஹொசமனின்னு ஒருத்தரை மறுக்கறீங்க. ரொம்பத் தைரியமா மறுத்திருக்கீங்க. யார் இவர்? நான் படிச்சதில்லையே."

அண்ணி பின்வரிசையைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர் சார். அதோ, கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கார்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. தேர்வாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியா! மறுக்கப்பட்டவர் இருக்கும்போது அவரைக் கேக்காம விடலாமா? சொல்லுங்க ஹொசமனி சார், உங்க மனைவி சொல்றதை ஒத்துக்கறீங்களா?"

சங்கமேஷ் எழுந்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டான், கழற்றினான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வான் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"சார், நான் எழுதினப்ப ஆலை முதலாளிங்க வெச்சிருந்த பதிவுகளை மட்டும்தான் பாத்தேன். அதுல பொம்பளைங்க பேச மாட்டாங்க. நான் யாரையும் போய்க் கேக்கல. இவ போய்க் கேட்டா. இவ எழுதினதுதான் சரி."

உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு அடங்கி, யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அண்ணி குனிந்து தாள்களைச் சரிசெய்தார். ரொம்ப நேரம் சரிசெய்தார். இவன் என் காதருகே குனிந்து, "ஆனா வாக்கியம் நல்ல வாக்கியம்தான்டா" என்றான்.

பட்டம் உண்டு என்று அறிவித்ததும் அண்ணியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துகொண்டது. பக்கத்து அறையில் சாப்பாடு. எண்ணெய்க் கத்திரிக்காயும் ரொட்டியும் கோதி ஹுக்கி என்கிற கோதுமைப் பாயசமும் மணத்தன. வெளித்தேர்வாளர் அண்ணியை விடுவதாக இல்லை. பாலவ்வாவைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூலையில் நின்று சங்கமேஷ் அதையே பார்த்தான். மைசூர்ப் பேராசிரியர் ஒருவர் தன்னிடம் அப்படிக் கேட்க மாட்டாரா என்று அவன் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

"எரியுதாடா?" என்று கேட்டேன்.

"எரியாமலா?" என்றான்.

பிறகு என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான். ஒரு தட்டை எடுத்து, இரண்டு ரொட்டி, கத்திரிக்காய், கொஞ்சம் நிலக்கடலைப் பொடி வைத்துத் தயிர் ஊற்றினான். காரத்துக்கு ஒரு பச்சை மிளகாயும் வைத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அண்ணியின் கைக்குப் பக்கத்தில் நீட்டினான். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல் அவர் தட்டை வாங்கிக்கொண்டு ரொட்டியைக் கிள்ளினார். இவன் அங்கேயே நின்று, அவர் பேராசிரியருக்குச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.